ஒரே மாடல், மூன்று வண்டிகள்: ஒரு குடும்பச் செடானைத் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் குடும்பத்துக்குக் கார் எடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். வீட்டில் அவரும் மனைவியும், ஏழு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன், முழங்கால் தேய்மானத்தோடு நடமாடும் அவருடைய அம்மா. மொத்தம் ஐந்து பேர். வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர் போல ஓடும், அதில் முக்கால்வாசி நகர நெரிசல். வாங்கினால் எட்டு வருஷமாவது வைத்துக்கொள்வார்கள். கையிருப்பு, புதுக் காரின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. மீதி கடன்தான்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "புதுசு எடுக்கட்டுமா, பழசு போதுமா?"

தெரிந்தவர்களுக்காகப் பழைய வண்டி பார்த்துக் கொடுப்பதைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். புதுக் காரை மாடல் பெயர் சொல்லி வாங்கலாம். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் வந்த நூறு கார்களில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய காரில் அது நடக்காது. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே நிறம் என்றாலும் ஒன்று பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையாக இருக்கும், இன்னொன்று அடிபட்டுத் தேறி வந்ததாக இருக்கும். "பழசு நல்லதா" என்று கேட்டுப் பயனில்லை. "இந்தப் பழசு நல்லதா" என்று ஒவ்வொரு வண்டியாகத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் என்ன தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த வண்டிகள்

செடான் என்று முடிவானதே சின்னப் பஞ்சாயத்துக்குப் பிறகுதான். நண்பருக்கு எஸ்.யூ.வி. மேல் கண். அம்மாவை இரண்டிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். உயரம் குறைந்தவர் என்பதால் எஸ்.யூ.வி.யில் கைப்பிடியைப் பிடித்து உந்தி ஏற வேண்டியிருந்தது. இறங்கும்போது கால் தரையைத் தேடியது. செடானில் இருக்கை தாழ்வு, எழுந்திருப்பது சிரமம்தான். ஆனால் "இதில் ரெண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு எழலாம், பயமில்லை" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது மாடல். நடுத்தர அளவு செடான் என்கிற வகையே மெலிந்துகொண்டு வருகிறது. ஃபோர்டு ஃபியூஷன் வட அமெரிக்காவில் 2020-இல் நின்றது, ஷெவர்லே மாலிபு 2024-இல் நின்றது. நின்றுபோன மாடல்கள் பழைய வண்டிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். என்ஜின் பாகங்கள் வருஷக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருக்கும், அதில் பெரிய கவலையில்லை. ஹெட்லைட், கதவு, பம்பர் மாதிரி உடம்புப் பாகங்கள்தான் முதலில் அரிதாகும். எட்டு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது தலைவலி. அதனால் இன்னும் உற்பத்தியில் இருப்பவற்றில் தேடி, 1982 முதல் விடாமல் வந்துகொண்டிருக்கும் டொயோட்டா கேம்ரியில் நின்றோம். நகர ஓட்டம் அதிகம் என்பதால், பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வகை.

மூன்று வண்டிகள் கிடைத்தன. முதலாவது புத்தம் புதுசு. 2023 நவம்பரில் அறிமுகமாகி அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்த, எக்ஸ்.வி.80 என்று குறிக்கப்படும் கேம்ரி தலைமுறை. இரண்டாவது மூன்றரை வயது. 2017-இல் வந்த எக்ஸ்.வி.70 தலைமுறை 2020-இல் முகம் மாறியதே, அந்த வடிவம். 61,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே ஓனர். மூன்றாவது ஆறரை வயது. அதே எக்ஸ்.வி.70-இன் தொடக்க கால வண்டி. மீட்டரில் 58,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர். புதுசின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதற்குக் கேட்டது 66, மூன்றாவதற்கு 47.

இதைக் கேட்டதும் நண்பரின் மனைவி மூன்றாவதைத்தான் விரும்பினார். பாதிக்கும் குறைவான விலை, ஓட்டமும் குறைவு. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

காகிதத்தில் பார்த்தால்

வண்டியைப் போய்ப் பார்க்கும் முன், புதுத் தலைமுறைக்கும் பழைய தலைமுறைக்கும் உண்மையில் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முகப்பும் திரையும் மாறியதைப் பார்த்துவிட்டு வண்டியே மாறிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

எக்ஸ்.வி.70, எக்ஸ்.வி.80 இரண்டும் டி.என்.ஜி.ஏ.-கே என்கிற ஒரே அடித்தளத்தில் நிற்பவை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வீல்பேஸ் இரண்டிலும் 2,825 மில்லிமீட்டர். இரண்டிலும் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். மாறியது ஹைப்ரிட் அமைப்பு. பழையதில் நான்காம் தலைமுறை, புதுசில் ஐந்தாம் தலைமுறை. அமெரிக்க விவரப்படி மொத்தச் சக்தி 208 குதிரைத்திறனிலிருந்து 225 ஆகக் கூடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் முந்தும்போது அது தெரியும். நகர நெரிசலில் தெரியாது.

மைலேஜில் புதுசு வெகுதூரம் முன்னால் இருக்கும் என்று நண்பர் நம்பினார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) சோதனைக் கணக்கைக் காட்டினேன். அடிப்படை எல்.இ. வகையில் பழைய ஹைப்ரிட்டுக்குக் கேலனுக்கு 52 மைல், புதுசுக்கு 51. நம் கணக்கில் லிட்டருக்கு 22.1, 21.7 கிலோமீட்டர். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆக, பெட்ரோல் மிச்சம் என்கிற காரணம் பட்டியலிலிருந்து போய்விட்டது.

உண்மையான வித்தியாசம் விபத்தைத் தவிர்க்கும் உதவிகளில் இருந்தது. புதுசில் டொயோட்டா சேஃப்டி சென்ஸ் 3.0. மூன்றரை வயது வண்டியில் 2.5 பிளஸ். ஆறரை வயது வண்டியில் அதற்கும் முந்தைய பதிப்பு. மூன்றுமே முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானாக பிரேக் போடும். 3.0-இல் கேமராவும் ரேடாரும் பார்க்கிற பரப்பு கூடியிருக்கிறது, பைக்கில் வருகிறவரையும் அடையாளம் காணும். இது சின்ன விஷயமில்லை. நண்பரிடம், "புதுசுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குக் காகிதத்தில் எனக்குத் தெரிகிற முதல் காரணம் இதுதான், இரண்டாவது வாரண்டி" என்று சொன்னேன். மற்றபடி பெரிய திரை, புது முகப்பு எல்லாம் பிடித்தால் வாங்கலாம். எட்டு வருஷத்தில் அதுவும் பழசாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஹைப்ரிட் என்றாலே பயப்படுகிறவர்களுக்காக. இந்த வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, தேயக்கூடிய கிளட்ச் கிடையாது. என்ஜினையும் இரண்டு மின் மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. ஏ.சி. கம்பிரஸரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. சாதாரண வண்டியில் பத்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டிவரும் பல பாகங்கள் இதில் இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பின் இருக்கையில் ஒரு மதியம்

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்கிறார்கள். குடும்பக் காரின் வேலை நடப்பது பின்னால். அதனால் குழந்தை இருக்கைகள் இரண்டையும் கையோடு எடுத்துப் போனோம். விற்பனையாளர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், ஆனால் பொறுமையாக இருந்தார்.

பையனுடைய இருக்கை பின்பக்கம் பார்த்து உட்காரும் வகை. ஒன்றரை வயதில் அதுதான் சரி. மோதலின்போது தலையையும் கழுத்தையும் முதுகுப் பலகை முழுவதுமாகத் தாங்கும். அந்த இருக்கை முன்னால் நிறைய இடம் கேட்கும். அம்மா முன் இருக்கையில் வரப்போகிறவர் என்பதால், முதலில் அவருக்குப் பின்னால் அதை மாட்டினோம். மாட்டியதும் அவருடைய இருக்கையை நாலு விரல்கடை முன்னே தள்ள வேண்டியிருந்தது. முழங்கால் மடங்கி டேஷ்போர்டுக்குக் கிட்டே போனது. இரண்டு நிமிஷத்தில் அவர் முகம் மாறிவிட்டது, வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. கழற்றிவிட்டு ஓட்டுநருக்குப் பின்னால் மாட்டினோம். மனைவி ஓட்டும்போது இடம் போதும். நண்பர் உயரம், அவர் ஓட்டும்போது குழந்தை இருக்கையின் முதுகுக்கும் அவருடைய இருக்கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. போதும்.

பெண்ணை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை அந்தப் பக்கம். நடுவில் மனைவி. தோள் இடிக்கத்தான் செய்தது. அரை மணி நேரப் பயணத்துக்குச் சரி, ஐந்து மணி நேரத்துக்குச் சிரமம் என்று அவரே சொன்னார். பூஸ்டரின் விளிம்பு பெல்ட் கொக்கியை மறைத்தது; பெண் தானே பெல்ட் போட முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் அவளுடைய அம்மா கைவிட்டுத் தேட வேண்டியிருந்தது. தினமும் பள்ளிக்கூட வாசலில் நடக்கப்போகிற விஷயம் இது. எந்த விளம்பரத்திலும் வராது.

டேப் வைத்துப் புதுசிலும் பழசிலும் அளந்தேன். இருக்கையின் உயரத்திலும் கால் நீட்டும் இடத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இந்தச் சோதனையில் தேறாவிட்டால் செடானே வேண்டாம் என்று போயிருப்போம். தேறியது. ஆனால் புதுசா பழசா என்பதற்கு இதிலிருந்து ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

பளபளத்த வண்டி

ஆறரை வயது வண்டியைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு வருவதாகவும், அதற்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். குளிர்ந்த என்ஜின் உண்மை பேசும். போனபோது பானெட் சூடாக இருந்தது. "கழுவிக்கொண்டு வந்தேன்" என்றார் விற்பவர். சரி, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வெளியே பார்க்க மூன்றில் இதுதான் அழகு. பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு பூசி, உள்ளே வாசனை தெளித்து வைத்திருந்தார். நான் முதலில் சீட் பெல்ட்டைத்தான் இழுத்தேன். முழுக்க, கடைசி வரை. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இருக்கைத் துணியை மாற்றுவார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி அடியில் சேறு காய்ந்து கிடக்கும். சேறு இல்லை. ஆனால் பெல்ட்டின் அடியில் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டில் தயாரிப்புத் தேதி இருந்தது. பின் இருக்கை பெல்ட்டுகள் வண்டியின் வயதோடு பொருந்தின. முன் பெல்ட்டுகள் இரண்டும் இரண்டரை வருஷம் இளையவை.

முன் பெல்ட் இரண்டையும் ஒருவர் எதற்கு மாற்றுவார்? பெரிய மோதல் நடக்கும்போது பெல்ட்டுக்குள் இருக்கும் பிரிடென்ஷனர் என்கிற சின்ன வெடிப்பொருள் வெடித்துப் பெல்ட்டை இறுக்கும். ஒரு தடவை வெடித்தால் அது முடிந்தது, மாற்றியே ஆக வேண்டும். பிரிடென்ஷனர் வெடித்த மோதலில் ஏர்பேக்கும் விரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், பூச்சின் தடிமனை அளக்கும் பெயிண்ட் கனமானியை எடுத்தேன். கூரையில் 112 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பின் கதவுகளில் 118, 121. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். வலது முன் ஃபென்டரில், அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில், 290. அது மறுபடி பெயிண்ட் அடித்த அளவு. யாரோ உரசியிருக்கலாம், ஃபென்டர் போல்ட் போட்டு மாட்டுகிற பாகம்தான். கண்ணாடியைத் தாங்கும் முன் தூணின் அடியில் வைத்தேன். 740. ஃபென்டரைக் கழற்றி மாற்றலாம், தூணை அப்படிச் செய்ய முடியாது. அது வண்டியின் எலும்பு. 740 என்றால் உள்ளே பட்டி பார்த்து நிரவியிருக்கிறார்கள். முன் கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரையும் மற்றக் கண்ணாடிகளின் முத்திரையும் வேறு வேறு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் தானியங்கி பிரேக்குக்கான கேமரா உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டும். செய்ததற்குக் காகிதம் கேட்டேன். இல்லை.

கடைசியாக, வண்டிக் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே சாக்கெட்டில் மாட்டினேன். பிழைக்குறி ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் பலர் "சுத்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இன்னும் இரண்டு பக்கம் புரட்ட வேண்டும். பிழைக்குறிகளைக் கடைசியாக அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு எண் இருக்கும். அதில் 11 கிலோமீட்டர் என்று இருந்தது. புகை சம்பந்தப்பட்ட சுயபரிசோதனைகள் பாதிக்கு மேல் முடியவில்லை. அதாவது, இந்த வண்டி என்ன நினைவு வைத்திருந்ததோ, அதை நேற்றோ இன்று காலையோ யாரோ துடைத்திருக்கிறார்கள்.

"பேட்டரி மாற்றினேன், அதனால் இருக்கும்" என்றார். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகலாம், அது உண்மை. சூடான பானெட்டுக்கு ஒரு காரணம் இருக்கலாம், கண்ணாடிக்கு ஒரு காரணம் இருக்கலாம், அழித்த பிழைக்குறிக்கு ஒரு காரணம் இருக்கலாம். பெல்ட், தூண், கண்ணாடி, அழித்த நினைவு நான்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் காரணம் கேட்பதை நிறுத்திவிடுவேன். அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவரே இரண்டாவது ஓனர், அவருக்கு முன்னால் நடந்ததாக இருக்கலாம், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஏர்பேக் விரிந்த வண்டியில் திரும்ப ஏர்பேக் வைத்தார்களா, அல்லது எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துவிட்டார்களா என்பதை டேஷ்போர்டைப் பிரிக்காமல் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியாத வண்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

மனைவிக்கு வருத்தம். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. "விலையை 35-க்குக் குறைத்தால்?" என்று நண்பர் ஒரு தடவை கேட்டார். எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தூண் பழைய தூண் ஆகாது என்றேன்.

அழுக்கு வண்டி

மூன்றரை வயது வண்டியின் பின் இருக்கையில் பிஸ்கட் தூள். பம்பரில் கீறல், கதவு விளிம்பில் பக்கத்து வண்டிக் கதவு இடித்த வடு. அந்த வீட்டில் நாய் இருந்தது, தரைவிரிப்பெல்லாம் முடி. பார்த்ததும் பிடிக்கிற வண்டியில்லை. ஆனால் பானெட் குளிர்ந்து கிடந்தது, சர்வீஸ் புக் முதல் பக்கத்திலிருந்து நிரம்பியிருந்தது, சாவி இரண்டும் இருந்தன.

பெல்ட் தேதிகள் ஐந்தும் பொருந்தின. கனமானி சுற்றிலும் 105-லிருந்து 130-க்குள் நின்றது. கீறலையும் வடுவையும் அப்படியே விட்டுவைத்ததுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஸ்கேனரில் பிழைக்குறி அழித்து 9,400 கிலோமீட்டர் ஆகியிருந்தது, சுயபரிசோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன. சர்வீஸ் புக்கில் அதே தூரத்துக்கு முன்னால் ஒரு சர்வீஸ் பதிவு இருந்தது. எண்ணும் காகிதமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

ஹைப்ரிட் பேட்டரிக்கு வந்தேன். இந்தத் தலைமுறையில் அது டிக்கியிலிருந்து பின் இருக்கைக்கு அடியில் வந்துவிட்டது. அதைக் குளிர்விக்க ஒரு மின்விசிறி காரின் உள்ளறைக் காற்றை இழுக்கும். அதற்கான திறப்பு பின் இருக்கையின் கீழே இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினேன். வடிகட்டி மேல் நாய்முடி மெத்தை மாதிரி படிந்திருந்தது, விரலால் உரித்து எடுக்க முடிந்தது. காற்று போகாவிட்டால் பேட்டரி சூடாகும், சூடு அதன் ஆயுளைத் தின்னும். எவ்வளவு நாளாக இப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட்டினோம்; ஒரு ஏற்றத்தில் அழுத்தி ஏறி, இறக்கத்தில் விட்டு இறங்கி, பேட்டரித் தொகுதிகளின் மின்னழுத்தம் ஒன்றோடொன்று எப்படிப் போகிறது என்று பார்த்தேன். நோஞ்சான் தொகுதி ஒன்று இருந்தால் சுமை ஏறும்போது அது மட்டும் தனியாகச் சரியும். எல்லாம் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. வெப்பநிலையும் கட்டுக்குள் இருந்தது. சரியான நேரத்தில் வந்திருக்கிறோம்.

குறைகளும் கிடைத்தன. ஹைப்ரிட்டில் வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேட் தேயாது. ஆனால் வேலையில்லாமல் கிடக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான முளைகள் இறுகும். இடது பின் சக்கரத்தில் ஒரு முளை இறுகியிருந்தது, டிஸ்க்கின் விளிம்பில் தடித்த துரு. பிரேக் ஆயில் மாற்றிய பதிவே இல்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற திரவம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. டயர் நான்கில் இரண்டு ஒரு வகை, இரண்டு வேறு வகை. பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தேன், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். முன்னிரண்டும் வண்டியோடு வந்தவை, தேய்ந்து முடியும் நிலை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி விற்பவரிடமே காட்டினோம். மூன்று டிகிரி கோபம், ஏழு டிகிரி நியாயம் என்று பேசினார். வடிகட்டியையும் காலிப்பரையும் அவர் செலவில் சரிசெய்து தர ஒத்துக்கொண்டார், விலை 66-லேயே நின்றது. டயர், பிரேக் ஆயில், முழு சர்வீஸ், குழந்தை இருக்கைக்கான சில்லறை வேலை எல்லாம் நம் பக்கம், 4 பங்கு.

கணக்கு

மூன்றாவது வண்டி போய்விட்டதால் மீதி இரண்டையும் எட்டு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்பது யூகம்தான். இரண்டுக்கும் ஒரே அளவு பயத்தோடு யூகித்தோம். புதுசு 100-க்கு வாங்கி 38-க்கு விற்கும் என்றால் தேய்வது 62. பழசுக்கு 70 போட்டு, பின்னாளில் பெரிய ரிப்பேர் வந்தால் என்று 9 ஒதுக்கி, பதினொன்றரை வயதில் 22-க்கு விற்கும் என்றால் தேய்வது 57. எட்டு வருஷத்துக்கு வித்தியாசம் வெறும் 5.

நண்பர் உடனே நிமிர்ந்தார். "ஐந்துக்காகவா இவ்வளவு பாடு? புதுசே எடுத்துவிடலாமே." நியாயமான கேள்வி. நல்ல பெயருள்ள வண்டியைப் பழசாக வாங்கும்போது கிடைக்கிற மிச்சம் நாம் நினைக்கிற அளவு இருக்காது. விற்கிறவரும் அந்தப் பெயருக்குக் காசு வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் கடனைச் சேர்த்தபோது கணக்கு புரண்டது. கையில் 40. புதுசுக்குக் கடன் 60. அவர்களுக்குக் கிடைத்த 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 15. பழசுக்குக் கடன் 30. வட்டி விகிதம் அதிகம், 11 சதவீதம், ஆனால் மூன்றே வருஷம். வட்டி 5 சொச்சம். வண்டி தேய்வதில் மிச்சம் 5, வட்டியில் மிச்சம் 9-க்கு மேல். முழுப் பணமும் கையில் இருந்திருந்தால் நான் புதுசைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். முழு வாரண்டி, நல்ல பாதுகாப்பு உதவிகள், யாருடைய கதையையும் சுமக்காத வண்டி. இதற்கெல்லாம் 5 பங்கு அதிகமே இல்லை. 14 என்றால் அது வேறு பேச்சு. அதில் 9 வங்கிக்குப் போகிறது, வண்டிக்கு இல்லை.

வாரண்டியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வாரண்டி வண்டியின் முதல் விற்பனை நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஹைப்ரிட் பேட்டரிக்குத் தனியாக நீண்ட காலம் கொடுப்பார்கள், அளவு நாட்டுக்கு நாடு மாறும். அந்த வண்டிக்கு எவ்வளவு மிச்சம், இரண்டாவது ஓனருக்கு அது செல்லுமா என்று வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அதே எண்ணை வைத்து, தயாரிப்பாளர் திரும்பக் கூப்பிட்ட வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. பாக்கி இல்லை.

எடுத்தது, அதற்குப் பிறகு

அழுக்கு வண்டியையே எடுத்தார்கள். முதல் வாரமே டயர் இரண்டும், பிரேக் ஆயிலும், விற்பவர் செலவில் பேட்டரி வடிகட்டியும் மாறின.

பதினாலு மாதம் ஆகிறது. டேங்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் நகரத்தில் லிட்டருக்கு 19-லிருந்து 20 வரை கிடைக்கிறது. ஏ.சி. எப்போதும் ஓடுகிற, ஐந்து பேர் ஏறுகிற வண்டிக்கு இது நல்ல எண்.

ஒன்றை நான் தவறவிட்டேன். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் வண்டி, கிளம்பத் தயார் என்கிற 'ரெடி' விளக்கைக் காட்டவில்லை. பெரிய பேட்டரி நன்றாக இருந்தாலும், கணினிகளை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் ஹைப்ரிட்டும் நகராது. வாங்கும் முன் அதை நான் அளந்தேன், நல்ல எண் காட்டியது. ஆனால் அளந்தது நாற்பது நிமிஷ ஓட்டத்துக்குப் பிறகு. அப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரி எதுவும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். ஓட்டுவதற்கு முன், இரவு முழுக்க நின்ற பிறகு அளந்திருக்க வேண்டும். அன்று பையனுக்குத் தடுப்பூசி நாள். அவர்கள் வாடகை வண்டி பிடித்துப் போனார்கள். இப்போது என் தாளில் 12 வோல்ட் பேட்டரி முதல் வரியில் இருக்கிறது, பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கும் முன்னால்.

பையன் வளர்ந்துவிட்டான், அவனுடைய இருக்கையை முன்பக்கம் பார்க்கத் திருப்பும் நாள் வரும்போது பின்னால் மறுபடி அளக்க வேண்டும். அம்மா முன் இருக்கையைக் கடைசி வரை பின்னே தள்ளி வைத்துக்கொண்டு கால் நீட்டி வருகிறார். இடது பின் காலிப்பரை அடுத்த சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.